குண்டுக்குச் சட்டை

கோயம்புத்தூர் பவுண்டரியில் முப்பது வருஷம் நின்றவனுக்கு, உருகிய உலோகத்தின் வாசனை எங்கிருந்து வந்தாலும் கழுத்து தானாகத் திரும்பிவிடும். பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் அப்படித்தான் திரும்பியது. பக்கத்து வீட்டு கராஜ் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே பால் குக்கர் அளவில் ஒரு மின்சார உலை. எரிந்த மெழுகின் வாடை. வீட்டுக்காரர் லேத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுக்காரர். இடுக்கி மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த அச்சைத் திறந்து லேசாகத் தட்டினார். மடித்துப் போட்ட பழைய துண்டின் மேல் பொத்துப் பொத்தென்று ஆறு ஈயக்குண்டுகள் விழுந்தன.

"சுடுவதற்கா?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு" என்றார்.

அமெரிக்காவில் இது ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. நம் ஊரில் தூண்டில்காரர் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயம் உருக்கி ஊற்றிக்கொள்வது போல, அங்கே இலக்குச் சுடுகிறவர்களில் ஒரு பகுதியினர் சொந்தமாகக் குண்டு வார்த்துக்கொள்கிறார்கள். விற்காமல் தன் உபயோகத்துக்கு மட்டும் செய்தால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி ரவை தயாரிப்பது கடுமையான சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இதைச் செய்முறைக் குறிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதம் அந்த கராஜில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்ததில், நான் கொண்டுபோன தப்பான நம்பிக்கைகளும், அவருடைய கூட்டாளிகள் கொண்டுவந்த தப்பான நம்பிக்கைகளும் கழன்று விழுந்த கதை இது.

முதலில் சொற்களைச் சுத்தம் செய்துகொள்வோம். தோட்டா என்றால் குண்டு என்றே நாம் பேசுகிறோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுடும்போது பறந்து போவது குண்டு மட்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் குண்டைப் பற்றியதுதான்.

இன்னொன்று, ஈயம். ஈயச்சொம்பு ரசம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், "ஈயம் விஷம் என்றால் நாங்கள் எப்படி உயிரோடு இருக்கிறோம்?" என்று கேட்பார்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம். குண்டு காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். கடைக்காரர் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால்தான் ரசம் விவகாரமாகும்.

"ஈயம் உருக்கினால் புகையிலேயே விஷம் ஏறிவிடும்"

இது என் நம்பிக்கை. உலையிலிருந்து புகை கிளம்பியதும் நான் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். அவர் சிரித்தார். அந்தப் புகை ஈயம் அல்ல, மெழுகு. உருகிய ஈயத்தின் மேல் படியும் கசடைப் பிரிக்க அதில் ஒரு துண்டு மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறுவார்கள். எரிவது அதுதான்.

ஈயம் கொதிக்க 1,740 டிகிரிக்கு மேல் வேண்டும். குண்டு வார்க்கிறவர் உலையை 370 டிகிரி பக்கத்தில் வைத்திருப்பார். அந்தச் சூட்டில் ஆவியாகக் கிளம்பும் ஈயம் மிகச் சொற்பம். 500 டிகிரியைத் தாண்டினால்தான் ஈயப்புகை கவலைப்பட வேண்டிய அளவுக்கு எழும். அதனால் வெப்பமானி வைத்துக்கொள்வதும், கதவைத் திறந்து வைப்பதும் போதாதா என்றால், போதாது. ஆபத்து அங்கே இல்லையென்றுதான் சொன்னேன், ஆபத்தே இல்லையென்று சொல்லவில்லை.

ஆபத்து கசடில் இருக்கிறது. கரண்டியால் வழித்து டப்பாவில் போடுகிற அந்தச் சாம்பல் நிறத் தூள் ஈய ஆக்சைடு கலந்தது. முகப்பவுடர் போல மென்மையானது. கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், மேஜையில் படியும். அதே கையால் காபிக் கோப்பையை எடுத்தால் நேரே வயிற்றுக்குப் போகும். சிகரெட் பிடித்தால் இன்னும் மோசம். ஈயம் தோல் வழியாக ஏறுவதை விட வாய் வழியாக ஏறுவதுதான் பெரிது. பக்கத்து வீட்டு நண்பர் அதனால் உலை எரியும்போது கராஜில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். தரையைத் துடைப்பத்தால் பெருக்க மாட்டார், ஈரத்துணியால் துடைப்பார். மூக்கை மூடிக்கொண்டு ஓடிய நான் திரும்பி வந்து செய்த முதல் காரியம், அந்தக் கசடு டப்பாவை விரலால் தொட்டுப் பார்த்தது. திட்டு வாங்கினேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு பாதி உண்மை உலவுகிறது: உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் வெடிக்கும் என்று. மேலே விழுந்த சொட்டு துள்ளி ஆவியாகிப் போய்விடும். ஈரம் ஈயத்துக்கு அடியில் மாட்டினால்தான் வெடிக்கும். நனைந்த கட்டியை உலைக்குள் முக்கினால் அடியில் நீராவி பல நூறு மடங்கு விரிந்து, பானையில் இருப்பதையெல்லாம் கூரைக்கு அனுப்பும். பவுண்டரியில் ஈர மணலால் இதைப் பார்த்தவன் நான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது"

இது அவருடைய கூட்டாளிகளின் நம்பிக்கை. இதைத்தான் நான் ஆற அமரச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தொழில் தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள்.

துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்று போக வேண்டும். வெற்று ஈயக்குண்டு போகிற வழியில் குழல் சுவரில் ஈயத்தை அப்பிவிட்டுப் போவதுண்டு. வெள்ளிக்கோடு போலத் தெரியும், சுரண்டினாலும் எளிதில் வராது. "உரசலில் ஈயம் உருகி ஒட்டுகிறது, அதனால் கடினமான கலவையில் வார்த்தால் சரியாகும்" என்பது பரவலான விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

கடினம் ஏற்ற ஆண்டிமனி சேர்ப்பார்கள், கொஞ்சம் வெள்ளீயமும். பிரினெல் என்ற கடின அளவுகோலில் சுத்த ஈயம் 5. கார் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் மாட்டும் பழைய ஈயக்கட்டிகள் 12 பக்கம். லைனோடைப் அச்சு உலோகம் 22. லைனோடைப் என்றால் 84 பங்கு ஈயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். நம் அச்சகங்களில் எழுத்துக்கோத்த உலோகமும் இதே குடும்பம்தான். செய்தித்தாள் அச்சகங்கள் மூடியபோது அமெரிக்கக் குண்டுவார்ப்பவர்கள் அந்தக் கட்டிகளைத் தங்கம் போல வாங்கிப் பதுக்கினார்கள்.

கூட்டாளி ஒருவர் அப்படிப் பதுக்கியவர். அவருடைய சுழல் துப்பாக்கியில் ஈயம் அப்பிக்கொண்டே இருந்தது. கலவையில் இன்னும் லைனோடைப்பை ஏற்றினார். இன்னும் அதிகமாக அப்பியது. கடைசியில் என் நண்பரிடம் கொண்டுவந்தார். நண்பர் கலவையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் தடவிய குழலுக்குள் மெத்தென்ற சுத்த ஈயத்துண்டு ஒன்றை ஒரு முனையில் வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி மறுமுனையில் எடுத்தார். அதன் மேல் குழலின் பள்ளங்கள் அச்சாகப் பதிந்திருந்தன. மைக்ரோமீட்டரைப் பிடித்தார்: 0.357 அங்குலம். கூட்டாளியின் குண்டை எடுத்து அளந்தார்: 0.356.

ஒரே ஒரு 'தவ்' குறைவு. நம் லேத்து பட்டறைகளில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அப்படித்தான் சொல்வோம். மில்லிமீட்டரில் 0.025. தலைமுடியின் கனத்தில் பாதி கூட இல்லை. ஆனால் பின்னாலிருந்து தள்ளுகிற வாயுவுக்கு அந்தச் சந்து போதும். காற்று கசிகிற கதவிடுக்கு போலத்தான், ஆனால் கசிவது பழுக்கக் காய்ந்த, பயங்கர அழுத்தமுள்ள வாயு. கேஸ் கட்டர் இரும்புத் தகட்டை அறுப்பது போல அது குண்டின் ஓரத்தை அறுத்து, அறுத்ததைக் குழல் சுவரில் பூசிவிடுகிறது. குண்டு குழலுக்குள் இருப்பதே ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுதான். அந்த நேரத்தில் வெறும் உரசல் செய்வதை விடக் கசிவு செய்வது பல மடங்கு.

கடினக் குண்டு ஏன் இதை மோசமாக்கியது? மென்மையான குண்டு பின்னால் விழும் அடியில் கொஞ்சம் நசுங்கி விரிந்து சந்தைத் தானே அடைத்துக்கொள்ளும். கடினமானது விறைத்துக்கொண்டு போகும்.

மருந்து எளிமையானது. குழலின் பள்ள அளவை விட ஒன்றிரண்டு தவ் கூடுதலாகக் குண்டு இருக்க வேண்டும். கூட்டாளி சாதாரணச் சக்கரக்கட்டி ஈயத்தில், 0.358 அளவில் வார்த்துக்கொண்டு போனார். கோடுகள் நின்றன. லைனோடைப் மூட்டை அவர் கராஜில் இன்னும் இருக்கிறதாம், விற்க மனசு வரவில்லை.

"சைஸிங் என்றால் குண்டைச் சின்னதாக்குவது"

வார்த்த குண்டு அச்சை விட்டு வரும்போது அளவு சரியாக இருக்காது. கலவை, சூடு, அச்சு மூடும் இறுக்கம் என்று எதைப் பொறுத்தும் ஒரு தவ் ஏறும், இறங்கும். அதனால் கொஞ்சம் பெரிதாகவே வார்த்து, துளை போட்ட எஃகு டை ஒன்றின் வழியாகத் தள்ளி ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். கைப்பிடியை அழுத்தும்போது 'க்ளக்' என்று ஒரு சின்னத் தடை, பிறகு வழுக்கல். அந்தச் சத்தத்திலேயே என் நண்பருக்குப் பெரிய குண்டு எது, சரியான குண்டு எது என்று தெரியும்.

செயலைப் பார்த்தால் சின்னதாக்குவதுதான். நோக்கம் வேறு: எல்லாக் குண்டையும் உருண்டையாக, ஒரே அளவாக, குழலை விடக் கொஞ்சம் தடிப்பாக நிறுத்துவது. டையின் மேல் பொறித்த எண்ணை நம்பி அளக்காமல் விடுகிறவர்கள் மறுபடியும் அந்த 0.356-க்குத்தான் போய்ச் சேருகிறார்கள். அளவு குறைந்து வார்த்த குண்டை எந்த சைஸிங் டையாலும் பெரிதாக்க முடியாது.

"பெயின்ட் அடித்த குண்டா? குழலுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளாதா?"

வந்து இரண்டாவது வாரம் கராஜில் ஒரு தட்டு நிறையச் சிவப்பு மிட்டாய் பார்த்தேன். என் பேரன் கையை நீட்டியதும் பதறிப் பிடித்தார் நண்பர். மிட்டாய் அல்ல, குண்டு. நம் ஊரில் கிரில் கேட்டுக்கும் பீரோவுக்கும் அடிக்கிற அதே பவுடர் கோட்டிங்.

பழைய முறை வேறு. குண்டின் இடுப்பில் ஓடும் பள்ளங்களில் தேன்மெழுகும் பெட்ரோலியக் கொழுப்பும் சேர்ந்த களிம்பை அடைப்பார்கள். சுட்டால் புகை, கையெல்லாம் பிசுக்கு. பவுடர் வந்தபின் பலர் மாறிவிட்டார்கள்.

செய்யும் விதம்தான் எனக்குப் பிடித்தது. பட்டறையில் மின்னேற்றும் துப்பாக்கியால் தூவுவோம் அல்லவா, அது இங்கே கிடையாது. ஐஸ்கிரீம் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் குண்டுகள், கொஞ்சம் பவுடர், பொம்மைத் துப்பாக்கியின் கறுப்புப் பிளாஸ்டிக் உருண்டைகள் ஒரு கை. மூடிச் சுற்றிச் சுற்றிக் குலுக்குகிறார். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கிற அதே மின்சாரம் பவுடரைக் குண்டின் மேல் ஒட்டவைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஒட்டாது. அன்றைக்கு அவர் வேறு வேலை பார்ப்பார். பிறகு சமையலுக்கு இனி ஒருபோதும் திரும்பாத ஒரு சின்ன ஓவனில், 200 டிகிரியில், இருபது நிமிஷம்.

உருகுமா என்ற கேள்விக்கு: அந்தப் பாலியெஸ்டர் பவுடர் ஓவனுக்குள் ஒரு முறை உருகும். உருகியபின் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதற்கப்புறம் அது மெழுகு போலத் திரும்ப உருகுகிற பொருள் அல்ல. சோதனை கண்ணெதிரே நடந்தது. ஒரு குண்டை எடுத்து பட்டறைக்கல்லில் வைத்து சுத்தியால் சப்பாத்தி ஆக்கினார். ஈயம் நசுங்கித் தகடாயிற்று, சிவப்பு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. உரிந்து வந்தால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம். ஓவனின் முள்ளை நம்பாமல் தனி வெப்பமானி வைக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுத்த ஈயம் 327 டிகிரி வரை தாங்கும் என்றாலும், ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த ஈயம் 240 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஓவன் கொஞ்சம் எகிறினால் குண்டுகள் குந்திக்கொள்ளும்.

சிவப்பு நன்றாகச் சுடும், பச்சை சுடாது என்றெல்லாம் அடித்துப் பேசுகிறார்கள். சில நிறப் பவுடர்கள் குலுக்கினால் நன்றாக ஒட்டும், சில ஒட்டாது, அவ்வளவுதான். இலக்குக்கு நிறம் தெரியாது.

பூச்சுக்கு முன்னால் சைஸிங்கா, பின்னாலா? பூச்சு குண்டின் விட்டத்தில் இரண்டு மூன்று தவ் ஏற்றிவிடும். ஆகவே கடைசி அளவு எப்போதும் பூச்சுக்குப் பின்னால்தான். நன்றாக வெந்த பூச்சு டைக்குள் உரியாது, ஈயத்தோடு சேர்ந்தே அமுங்கும். இங்கே கடினப்பித்துக்காரர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: வார்த்தவுடன் தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டை ஓவனில் இருபது நிமிஷம் வைத்தால், ஏறிய கடினமெல்லாம் இறங்கிப்போகும்.

பளபளப்பான குண்டுதான் நல்ல குண்டு என்பதும் வெறும் கண்மயக்கு. அச்சு அதிகச் சூடானால் மேற்பரப்பு பனி படிந்தது போல மங்கும். சுடுவதில் அதனால் வித்தியாசம் வராது. சுருக்கம் விழுந்தால்தான் தள்ள வேண்டும், அது அச்சு குளிர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

"1857-இல் கொழுப்பு பூசியது சிப்பாய்களைக் கெடுக்கத்தான்"

பூச்சும் அளவும் என்ற இந்த இரட்டைத் தலைவலி நமக்குப் புதிதல்ல. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா ஒரு காகிதச் சுருள். ஒரு முனையைப் பிய்த்து மருந்தைக் குழலுக்குள் கொட்டிவிட்டு, மறுமுனையில் இருக்கிற குண்டைக் காகிதத்தோடேயே குழல்வாயில் செருகிக் கம்பியால் இடிக்க வேண்டும். கொழுப்பு பூசியது அந்தக் குண்டுப் பக்கத்துக் காகிதத்தில். குண்டு வழுக்கி இறங்கவும், குழலில் அடை படியாமல் இருக்கவும். பல்லால் கடிக்கச் சொன்ன முனை எதிர்ப்பக்கம். ஆனால் கொழுப்பு சொன்ன இடத்தில் நிற்கிற பொருளா என்ன? எந்த மிருகத்தின் கொழுப்பு என்று நிர்வாகத்தால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனபோதே சிப்பாயின் சந்தேகம் நியாயமாகிவிட்டது. தொழில்நுட்பக் காரணம் இருந்தது என்பதால் அலட்சியம் மன்னிக்கப்படாது.

அந்தக் குழலின் அளவு 0.577 அங்குலம். குண்டு முதலில் 0.568, பிறகு எளிதாக இறங்க 0.55 ஆகக் குறைக்கப்பட்டது. அடிப்பக்கம் குழிவாக வைத்ததால், சுட்டவுடன் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். கொழுப்பு ஈயத்தை அரிக்கிறது என்று கண்டு, பின்னாளில் தேன்மெழுகுக்கு மாறினார்கள். என் நண்பரின் கராஜ் முழுவதும் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மீரட்டில் 85 குதிரை வீரர்கள் தொட மறுத்தது என்ஃபீல்டு தோட்டாவையே அல்ல, அவர்கள் முன்பே பழகிய பழைய வகையை. வேலூர்ப் புரட்சிக்கும் கொழுப்புத் தோட்டாதான் காரணம் என்று நம்மில் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். 1806-இல் வேலூரில் பிரச்சினை தோல் வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும். என்ஃபீல்டு பிறக்க அப்போது இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

"பூச்சு போட்டாயிற்று, இனி ஈயமே இல்லாத மாதிரி"

கையில் எடுக்கும்போது ஈயம் ஒட்டாது, உண்மை. சுடும்போது புகை குறைவு, அதுவும் உண்மை. அதோடு நிற்கிறது. சாதாரணப் பிரைமருக்குள் ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது தூளாகி முகத்தெதிரே பறக்கும். நாலு சுவருக்குள் இருக்கும் சுடுதளத்தில் காற்றோட்டம் சரியில்லையென்றால், சட்டை போட்ட குண்டால் நுரையீரலுக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை.

காட்டுக்கும் அப்படித்தான். வேட்டைக்காரர் விட்டுப்போன இறைச்சியில் இருக்கும் ஈயச் சிதறலைத் தின்று கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் செத்தன. 1982-இல் உலகத்தில் மொத்தம் 22 காண்டோர்களே மிஞ்சியிருந்தன. 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. சிவப்புப் பூச்சு பூசியிருக்கிறேன் என்று சொன்னால் வனக்காவலர் கேட்க மாட்டார், சட்டம் பார்ப்பது உள்ளே இருக்கும் உலோகத்தை.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உடனே கவனிக்க வேண்டிய அளவாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வைத்த கோடு, ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். கராஜிலிருந்து வீட்டுக்குள் அது வருகிற ஒரு முக்கிய வழி செருப்பு. கராஜ் தரைத்தூள் பூட்ஸின் அடியில் ஒட்டி, ஹாலின் கார்ப்பெட்டில் இறங்கி, தவழ்கிற பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கு.

இதை நண்பர் சொன்னபோது அவர் தன் பூட்ஸோடுதான் எங்கள் வரவேற்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அவரைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் கையைக் கழுவுங்கள்" என்றாள். அவர் குனிந்து வாசலில் வரிசையாகக் கிடந்த எங்கள் ஏழு ஜோடிச் செருப்புகளைப் பார்த்தார். பூட்ஸின் நாடாவை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.